மொட்டை மாடியில் தேனீப் பெட்டியும் சோலார் பேனலும்: குடும்பங்களை அழைத்துப்போய்க் காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே மாடியில் தேனீப் பெட்டியும் சோலார் பேனலும் இருந்தால், குழந்தைகளை அழைத்து வரலாமா என்று யாராவது கேட்பார்கள். தாராளமாக வரலாம். ஆனால் புதிதாக இதை நடத்துகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் வரிசையில்தான். கீழே சொல்லி முடிக்க வேண்டியதை மேலே போய்ச் சொல்கிறார்கள். கடைசியில் காட்ட வேண்டியதை முதலில் காட்டிவிடுகிறார்கள். மாடியில் தரவே கூடாத தேனை மாடியிலேயே ஊற்றித் தருகிறார்கள்.

அதனால் இங்கே எல்லாம் செய்ய வேண்டிய வரிசையிலேயே இருக்கிறது. பாதிக்கு மேல் மாடிப்படி ஏறுவதற்கு முந்தைய வேலைகள். அது நீளமாகத் தோன்றும். ஆனால் முக்கால் வாசிப் பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது.

1. முதலில் மாடியைப் பாருங்கள்

குழந்தைகள் வரும் மாடியில் தேனீயையும் மின்சாரத்தையும் விடப் பெரிய ஆபத்து, விழுவது. கைப்பிடிச் சுவர் குறைந்தது 1.1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அந்த உயரம் இருந்தாலும், சுவரை ஒட்டிப் பூந்தொட்டி, பெஞ்சு, குழாய், செங்கல் அடுக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அவையெல்லாம் படிக்கட்டு. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி ஒரு கயிறு கட்டி, அதைத் தாண்டக் கூடாத கோடாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ இருந்தால், அதன் மேல் யாரும் கால் வைக்காதபடி தடுப்பு போடுங்கள். பார்க்க உறுதியாக இருக்கும், ஆள் பாரம் தாங்காது.

பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேன் நிறைந்த இரண்டடுக்குப் பெட்டி ஒன்று 60 கிலோவைத் தாண்டலாம். பேனல் ஒன்று சுமார் 20 கிலோ, அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் காற்றுக்கு எதிராக வைத்த கான்கிரீட் கட்டைகளும் தனி. இதற்கு மேல் 12 பேர் ஒரே மூலையில் கூடி நிற்கப்போகிறார்கள். கட்டடத்துக்குப் பொறுப்பான பொறியாளரிடம், ஆட்கள் கூடி நிற்கும் இடத்தைக் கையால் காட்டிக் கேளுங்கள். “மாடி தாங்குமா?” என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

அப்புறம், இறங்கும் வழி. தேனீப் பெட்டியைக் கடக்காமல் படிக்கட்டுக்குப் போக முடிய வேண்டும். முடியாவிட்டால் பெட்டியின் இடத்தை மாற்றும் வரை குடும்பங்களைக் கூப்பிடாதீர்கள். திரும்பி ஓட வேண்டிய நேரத்தில் தேனீக்கள் நடுவில் இருப்பது எவ்வளவு மோசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

2. பெட்டி எந்தத் திசை பார்த்து நிற்கிறது

தேனீக்கள் கொட்டுவதற்குப் பொதுவான காரணம், அவை பறக்கும் பாதையில் ஆள் நிற்பது. பெட்டியின் வாசலிலிருந்து கிளம்பும் தேனீ சாய்வாக மேலேறிப் போகும். திரும்பி வருவதும் அதே வழியில்தான். அந்தப் பாதையில் பத்துப் பேர் நின்றால் திரும்பி வருகிற தேனீக்கள் எல்லாம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் குவிந்துகொண்டே போகும். முதலில் யாருக்கும் தெரியாது. தெரியும்போது நிலைமை முற்றியிருக்கும்.

வாசலுக்கு முன்னால் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, 2 மீட்டர் உயரத்துக்கு வலையோ தட்டியோ நிறுத்தினால் தேனீக்கள் உடனே உயரே ஏறிப் பறக்கப் பழகிவிடும். ஆள் தலைக்கு மேலே போக்குவரத்து நடக்கும். பார்வையாளர்கள் நிற்பதற்குப் பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டோதான் இடம். நான் 3 மீட்டரில் தரையில் கோடு போடச் சொல்வேன். முன்புறம் 6 மீட்டருக்கு யாரும் போகக் கூடாது.

தேனீக்கள் பேனல்களின் மேலாகப் பறந்து போகும்படி வாசல் இருந்தால் கண்ணாடியில் மஞ்சள் புள்ளிகள் விழுந்து காய்ந்துவிடும். அது அவற்றின் எச்சம். தேய்த்துக் கழுவ வேண்டும், கழுவினால் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீரைக் குடிக்க மறுபடி தேனீ வரும். வாசலைப் பேனலுக்கு எதிர்ப்புறம் திருப்பி வைப்பது நல்லது.

ஆனால் திருப்புவதை சுற்றுலாவுக்கு முந்தைய நாள் செய்யாதீர்கள். புதியவர்கள் அதிகம் செய்கிற தவறு இது. தேனீக்கள் தங்கள் பெட்டியின் இடத்தைத் துல்லியமாக மனத்தில் வைத்திருக்கும். பெட்டியை நாலைந்து மீட்டர் நகர்த்தினால், வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து வீடு தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில்தான் நீங்கள் விருந்தினர்களை நிறுத்தியிருப்பீர்கள். நகர்த்துவதைத் தேனீ வளர்ப்பவரிடம் விட்டு, வாரக்கணக்கில் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

தேனீக்களுக்குத் தண்ணீர் வைக்கும் தட்டும் இப்படித்தான். கூழாங்கல் போட்ட ஆழமில்லாத தட்டை நடைபாதைக்கு எதிர்மூலையில் வைத்து, எப்போதும் வற்றாமல் பார்த்துக்கொண்டால் தேனீக்கள் அதையே பழகிக்கொள்ளும். ஒருநாள் வற்றவிட்டால் வேறு தண்ணீர் தேடும். அது குழந்தையின் கையில் இருக்கும் பாட்டிலாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. மலைத்தேனீ இருக்கும் பகுதிகளில் உயர்ந்த கட்டடங்களின் விளிம்புக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் அது திறந்த வெளியில் பெரிய அடை கட்டும். அது பெட்டித் தேனீயைப் போன்றதல்ல. தொந்தரவு செய்தால் கூட்டமாகத் துரத்தி வரும். கட்டடத்தில் அப்படி ஒரு கூடு இருந்தால் அன்றைக்குச் சுற்றுலாவே வேண்டாம்.

3. பேனல் பக்கம் சரிபார்க்க வேண்டியவை

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் பேனலில் மின்சாரம் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சம் படும் வரை பேனல் மின்சாரம் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். சுவிட்சை அணைத்தால் அது வீட்டுக்குப் போவது நிற்கும். பேனலிலிருந்து வரும் கேபிளில் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். பல பேனல்களை வரிசையாக இணைத்த அமைப்பில் அது பல நூறு வோல்ட். அதுவும் நேர்மின்சாரம் (டிசி), ஒரே திசையில் ஓடுவது. அதில் தீப்பொறி பிடித்தால், வீட்டு மின்சாரத்தில் போலத் தானாக அணைவது கடினம்.

ஆகவே சுற்றுலாவுக்கு முந்தைய நாள் ஒரு சோலார் தொழில்நுட்பரோடு ஒருமுறை சுற்றி வாருங்கள். கேபிள்கள் குழாய்க்குள் இருக்கின்றனவா, தரையில் கால் தடுக்கும்படி எதுவும் ஓடுகிறதா, இணைப்புகள் தொங்குகின்றனவா, உடைந்த கண்ணாடி இருக்கிறதா, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் பிழைச் செய்தி ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். பிழை ஒன்று காட்டிக்கொண்டிருந்தால், குறிப்பாகத் தரைக்கு மின்கசிவு என்று காட்டினால், அது சரியாகும் வரை யாரையும் ஏற்றக் கூடாது.

பேனல் வரிசையின் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு. நல்ல வெயிலில் பேனல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், இரும்புச் சட்டமும் சுடும். கண்ணாடி மேல் கை ஊன்றிச் சாய்வதும் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் மெல்லிய சிலிக்கான் தகடுகளில் மயிரிழை விரிசல் விழும். நாளடைவில் மின்சாரம் குறையும்.

சுற்றுலா அன்று காலை பேனலைக் கழுவாதீர்கள். பளபளவென்று இருக்கட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஈரத் தரை வழுக்கும், தேனீயும் அங்கே வந்து உட்காரும்.

4. ஆட்கள், பொருட்கள்

மூன்று பேர் வேண்டும். முன்னால் நடந்து பேசுகிறவர் ஒருவர். தேனீ வளர்ப்பவர் ஒருவர். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, முகவலை அணிந்து, புகை விட்டுத் தேனீக்களை அமைதிப்படுத்தும் புகையூட்டியைப் பற்றவைத்துத் தயாராக நிற்க வேண்டும். மூன்றாமவர் கடைசியில் வருகிறவர், வரிசையின் வால். அவர் வேலை தலைகளை எண்ணுவது மட்டுமே. ஆள் போதவில்லை என்று முதலில் விட்டுவிடுவது இந்த மூன்றாமவரைத்தான். அவர் இல்லாமல் ஏற வேண்டாம் என்பது என் கறாரான கருத்து. பேசுகிறவர் பேனலைக் காட்டத் திரும்பும் நொடியில்தான் ஒரு குழந்தை கயிற்றுக்கு அடியில் நுழையும்.

ஒரு குழுவில் 10, 12 பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்பது நல்ல கணக்கு.

பொருட்களில், முதலுதவிப் பெட்டி, ஐஸ் பை, குடிநீர், நிழலுக்கு ஒரு பந்தல் அல்லது பெரிய குடை, உதிரித் தொப்பிகள். காட்டுவதற்கு 10 வாட் அளவிலான ஒரு சிறிய தனிப் பேனல், அதோடு இணைத்த சிறு மின்விசிறி. தேனீ இல்லாத பழைய அடைச் சட்டம் (தேனடை கட்டிய மரச்சட்டம்) ஒன்று. தேனீக்களோடு காட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. இந்தச் சின்னப் பேனலையும் பழைய அடையையும் மறக்காதீர்கள். கூரையில் எதையும் தொடக் கூடாது என்று சொல்லப்போகிறீர்கள். அப்படியானால் தொடுவதற்கு ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

5. பெயர் பதியும்போதே கேட்க வேண்டியவை

“தேனீ அலர்ஜி இருக்கிறதா?” என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்று எழுதிவிடுவார்கள். கொட்டே வாங்காத குழந்தைக்கு அலர்ஜி உண்டா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கேள்வியை மாற்றுங்கள்: தேனீயோ குளவியோ எப்போதாவது கொட்டியிருக்கிறதா? கொட்டியபோது என்ன ஆனது? கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் அது இயல்பு. உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் என்று பதில் வந்தால், அவர்கள் மாடிக்கு வர வேண்டாம். அவர்களுக்காகக் கீழேயே பழைய அடையையும் சின்னப் பேனலையும் வைத்து ஒரு தனி நிகழ்ச்சி வைக்கலாம். மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தை கூட வருகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். காரணம் 11ஆம் பகுதியில்.

உடை பற்றியும் அப்போதே சொல்ல வேண்டும், வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. வெளிர் நிற, வழவழப்பான பருத்தி உடை, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ. கறுப்பும், ரோமம் போன்ற துணியும் தேனீக்களைச் சீண்டும். சிவப்பு அவற்றின் கண்ணுக்கு ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும். நீளமான முடியைப் பின்னிக் கட்டித் தொப்பி போட வேண்டும்; முடியில் சிக்கிய தேனீ வெளியேறத் தெரியாமல் மிரண்டு கொட்டிவிடும். சென்ட், வாசனை எண்ணெய், மணமுள்ள பூ வேண்டாம்.

வாழைப்பழமும் வேண்டாம். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மையான காரணம் இருக்கிறது. தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை உசுப்ப ஒரு வாசனையை விடும். அதில் முக்கியமான பொருள் ஐசோஅமைல் அசிட்டேட். வாழைப்பழத்தின் மணத்துக்கும் அதுவே காரணம்.

6. நாளும் நேரமும்

வெயில் அடிக்கும், காற்று குறைந்த நாளில் முற்பகல்தான் சிறந்த நேரம். வயதான தேனீக்கள் பூக்களுக்குப் போயிருக்கும். பெட்டியில் கூட்டம் குறைவு, இருப்பவையும் வேலையில் இருக்கும். கொட்டும் சுபாவம் அதிகமுள்ளவை அந்த வயதான தேனீக்கள்தான். மழை மூட்டமோ பலத்த காற்றோ இருந்தால் அவை வெளியே போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடக்கும், எரிச்சலாகவும் இருக்கும். மூட்டமான நாளில் பேனலும் அதிகம் தயாரிக்காது. அதனால் இரண்டு காரணங்களுக்காகவும் தள்ளிவைப்பதே சரி.

பூக்களே இல்லாத காலம் இன்னும் கவனிக்க வேண்டியது. அப்போது ஒரு பெட்டித் தேனீ மற்றொரு பெட்டியில் தேன் திருட வரும், காவல் தேனீக்கள் உஷாராக இருக்கும். வாசலில் தேனீக்கள் கட்டிப்பிடித்துச் சண்டை போடுவதைத் தேனீ வளர்ப்பவர் கண்டால் அன்றைக்கு ரத்து. பணம் வாங்கியிருந்தாலும் ரத்துதான். அன்று காலை முடிவெடுக்கும் உரிமை தேனீ வளர்ப்பவருக்கே என்று அழைப்பிலேயே எழுதிவிட்டால் மனஸ்தாபம் வராது.

இடி கேட்டால் உடனே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியும் வரை திரும்ப ஏற வேண்டாம்.

7. கீழே 10 நிமிடம்

மேலே போய் விதிகளைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். காற்று, வெளிச்சம், உயரம், ரீங்காரம் என்று கண்ணும் காதும் அங்கே நிறைந்துவிடும். விதிகள் கீழேயே, உட்கார வைத்து.

குழந்தைகளுக்கு நான்கு விதி போதும். நடக்க வேண்டும், ஓடக் கூடாது. கயிறு தாண்டக் கூடாது. கறுப்பு வயர், கண்ணாடி, இரும்பு எதையும் தொடக் கூடாது. தேனீ அருகில் வந்தால் கையை வீசக் கூடாது.

கடைசி விதியைச் சொன்னால் மட்டும் போதாது, நடித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் விரலைத் தேனீயாக வைத்து ரீங்கரித்துக்கொண்டு வாருங்கள். குழந்தைகள் கையை மார்போடு சேர்த்து, வாயை மூடி, மெதுவாக இரண்டு அடி பின்னால் நகரட்டும். வாயை மூடுவதற்கும் காரணம் உண்டு: நாம் விடும் மூச்சுக்காற்று தேனீக்களை உசுப்பும். இரண்டு மூன்று தடவை விளையாட்டாகச் செய்துவிட்டால், மேலே உண்மையான தேனீ வரும்போது உடம்பே அதைச் செய்துவிடும். பெரியவர்களையும் செய்ய வையுங்கள். கையை முதலில் வீசுகிறவர் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான், குழந்தையைக் காப்பாற்றுகிற பதற்றத்தில்.

போகும் முன் ஒரு கேள்வியையும் கொடுத்து அனுப்புங்கள்: இந்த மாடியில் விழுகிற வெயிலை யார் யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? பேனலையும் தேனீயையும் இணைப்பது அந்தக் கேள்விதான். அது இல்லாவிட்டால் ஒரே மாடியில் இரண்டு தனித்தனிக் கண்காட்சி பார்த்தது போல ஆகிவிடும்.

8. மேலே போனதும் முதலில் பேனல்

தேனீயை முதலில் காட்டினால் அதற்குப் பிறகு பேனலை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் பேனலை முன்னால் வைப்பதற்கு அதைவிட முக்கியமான காரணம் இருக்கிறது. பேனல் அசையாது. அந்தப் பத்து நிமிடத்தில் குழந்தைகள் உயரத்துக்கும் வெளிச்சத்துக்கும் வரிசையில் நிற்பதற்கும் பழகுவார்கள். யார் கயிற்றைச் சோதிக்கிறார்கள், யார் பயப்படுகிறார்கள், யார் பெற்றோர் பேச்சைக் கேட்பதில்லை என்று நீங்களும் பார்த்துவைத்துக்கொள்ளலாம். அடங்காத குழுவென்று தெரிந்தால் தேனீப் பகுதியைச் சுருக்கிவிடலாம்.

கணக்கை எளிமையாகச் சொல்லுங்கள். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழுகிறது. பேனல் ஒன்று சுமார் 2 சதுர மீட்டர், ஆக 2,000 வாட். அதில் மின்சாரமாகத் திரும்புவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 400 வாட். 10 வாட் பல்பு 40 எரியும். அதே பேனல் இரண்டரை மணி நேரம் அப்படித் தயாரித்தால் ஒரு யூனிட்.

அப்புறம் சின்னப் பேனலை எடுத்துக் குழந்தைகள் கையில் கொடுங்கள். சூரியனைப் பார்த்துச் சாய்த்தால் விசிறி வேகமாகச் சுற்றும், திருப்பினால் சோர்ந்துவிடும். இப்போது ஒரு கட்டத்தை மட்டும் உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். ஒரே ஒரு கட்டம்தானே என்று நினைப்பார்கள். விசிறி கிட்டத்தட்ட நின்றே போகும். கட்டங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒன்று அடைத்துக்கொண்டால் மொத்த ஓட்டமும் அடைபடும். கூரைப் பேனல்களில் அடைபட்ட கட்டங்களைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போக டையோடு என்ற சிறு பாகங்கள் வைத்திருப்பார்கள், அதனால் ஒரு பகுதி மட்டும் விடுபடும். பேனலுக்குப் பக்கத்தில் ஏன் தொட்டியோ மரமோ வைக்கவில்லை என்று கேட்டால் இப்போது குழந்தைகளே பதில் சொல்வார்கள்.

வெயில் அதிகம் என்றால் மின்சாரமும் அதிகம்தானே என்று யாராவது கேட்பார்கள். வெளிச்சம் கூடினால் மின்சாரம் கூடும். சூடு கூடினால் குறையும். பேனலின் திறனை 25 டிகிரியில் வைத்துத்தான் அளக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் இழப்பு. பேனல் 65 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விடும். இதைச் சொல்லி அங்கேயே விட்டுவிடுங்கள். சூட்டைச் சமாளிக்கத் தெரிந்த ஒன்று அடுத்துக் காத்திருக்கிறது.

9. அடுத்து தேனீப் பெட்டி, பக்கவாட்டிலிருந்து

குழந்தைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால், எல்லோரும் 3 மீட்டர் கோட்டில். பேசாமல் ஒரு நிமிடம் வாசலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னங்காலில் மஞ்சள் உருண்டையோடு வருவது மகரந்தம் கொண்டுவரும் தேனீ. இறக்கையை அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பது விசிறும் தேனீ. சுடும் நாளில் சிலவற்றை அப்படிக் கட்டாயம் பார்க்கலாம்.

இப்போது பேனலோடு முடிச்சுப் போடுங்கள். பேனல் வெயிலில் கொதித்துத் திறனை இழந்தது. அதே வெயிலில் இந்தப் பெட்டிக்குள், புழு வளரும் இடம் 34, 35 டிகிரியைத் தாண்டாமல் இருக்கிறது. தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அடையில் துளித்துளியாகத் தெளித்து, இறக்கையால் விசிறி ஆவியாக்குகின்றன. பெட்டியைத் திறக்காமலே சொல்லக்கூடிய மிகச் சிறந்த பாடம் இது. ஆனால் பலர் இதை விட்டுவிட்டு ராணி முட்டையிடும் எண்ணிக்கையை ஒப்பிக்கிறார்கள்.

பெட்டியைத் திறக்கலாமா? குடும்பங்களோடு வரும்போது வேண்டாம். திறந்த பெட்டியைச் சுற்றி எல்லோருக்கும் சரியான முகவலை வேண்டும், கால் சட்டை ஓரம், கைமுனை, ஜிப் எல்லாவற்றையும் ஒவ்வொருவருக்காகச் சரிபார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு வைத்த முகவலை குழந்தையின் மூக்கில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் வலைக்கு வெளியிலிருந்தே கொட்டும். கொடுக்கில்லாத் தேனீ வளர்க்கிறீர்கள் என்றால் இந்தக் கவலை குறைவு, கிட்டே போய்ப் பார்க்கலாம்.

பிற்பகலில் நடத்தினால் ஒரு காட்சி எல்லோரையும் பயமுறுத்தும். திடீரென்று நூற்றுக்கணக்கான தேனீக்கள் பெட்டிக்கு முன்னால், பெட்டியைப் பார்த்தபடியே மிதக்கும். தாக்க வருகின்றன என்று நினைப்பார்கள். இளம் தேனீக்கள் முதன்முதலாக வெளியே வந்து வீட்டு அடையாளம் பழகுகின்றன, சற்று நேரத்தில் அடங்கிவிடும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயம் வராது, ரசிப்பார்கள்.

ஆண் தேனீ கிடைக்கும் பருவமாக இருந்தால் வளர்ப்பவர் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கட்டும். உருண்டையான உடம்பு, உச்சந்தலையில் சேரும் பெரிய கண்கள். கொடுக்கே கிடையாது. பயந்த குழந்தையின் உள்ளங்கையில் அதை விட்டுப் பாருங்கள். ஆனால் அதைப் பிடித்துத் தருவது வளர்ப்பவர் மட்டுமே. குழந்தைகள் தாங்களாகப் பெட்டிப் பக்கம் போய்த் தேடக் கூடாது.

10. கண்ணாடிப் பெட்டி நிழலில் இருக்க வேண்டும்

தேனீ வளர்ப்பவர் காலையிலேயே, யாரும் வரும் முன், ஒரு சட்டத்தைத் தேனீக்களோடு எடுத்துக் காற்றோட்டமுள்ள கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதைப் படிக்கட்டு அறையிலோ பந்தலுக்கு அடியிலோ வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே உள்ளே அடுப்பாகிவிடும். மெழுகு இளகி அடை சரியும், தேனீக்கள் சாகும். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று வெயிலில் தூக்கி வைக்கிறவர்களைப் பார்த்தால் உடனே தடுங்கள்.

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை, புழு, மூடிய கூட்டுப்புழு, தேன், மகரந்தம் எல்லாம் ஒரே சட்டத்தில் இருக்கும். இத்தாலியத் தேனீயில் ராணி 16 நாளிலும், வேலைக்காரத் தேனீ 21 நாளிலும், ஆண் தேனீ 24 நாளிலும் முட்டையிலிருந்து முழுத் தேனீயாக வெளிவரும். ராணியைச் சேர்த்து எடுப்பதா வேண்டாமா என்பதை வளர்ப்பவர் முடிவு செய்யட்டும்; எடுத்தால் அன்றே பெட்டிக்குத் திருப்பிவிட வேண்டும்.

கீழே கேட்ட கேள்விக்கு இங்கே இன்னொரு பதில் இருக்கிறது. இருட்டான பெட்டிக்குள், பூ இருக்கும் இடத்தை மற்ற தேனீக்களுக்குச் சொல்ல, தேனீ ஆடிக் காட்டும் திசை சூரியனை வைத்துத்தான். செங்குத்தான அடையில் நேர் மேல்நோக்கி ஆடினால் பூ இருப்பது சூரியன் இருக்கும் பக்கம். வலப்புறம் 40 டிகிரி சாய்ந்து ஆடினால் சூரியனுக்கு வலப்புறம் 40 டிகிரி. ஆட்டத்தின் நீளம் தூரத்தைச் சொல்லும். இதைக் கண்டு விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சொல்லிவிட்டு ஒரு குழந்தையைச் சூரியனாக நிறுத்தி, மற்றவர்களை ஆடிக் காட்டச் சொல்லுங்கள். எந்த வயதினரும் இதில் சலிப்பதில்லை.

11. தேன் கீழே வந்த பிறகு மட்டும்

மாடியில் தேன் பாட்டிலைத் திறந்தால் சில நிமிடங்களில் தேனீக்கள் மோப்பம் பிடித்து வரும். பிசுபிசுத்த கன்னத்தோடு நிற்கும் குழந்தையைச் சுற்றும். அதோடு, தேன் வாசனை பெட்டிகளுக்கு இடையே திருட்டையும் கிளப்பிவிடும். எல்லோரும் இறங்கி, கதவை மூடி, கை கழுவிய பிறகு கொடுங்கள். ஆளுக்கு ஒரு தனிக் கரண்டி.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் துளிகூடத் தரக் கூடாது. விரலில் தொட்டு நாக்கில் வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலினம் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். காய்ச்சினாலும் வித்துகள் சாகாது. அன்போடு யாராவது வைத்துவிடுவார்கள் என்பதால், இதை உரக்க, எல்லோரும் கேட்கும்படி, தேனைத் திறப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

12. கொட்டிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கொட்டும். குழந்தையை முதலில் பெட்டியிலிருந்து தள்ளிப் படிக்கட்டு அறைக்குக் கூட்டிப்போங்கள், ஏனென்றால் கொட்டிய இடத்தில் இருக்கும் வாசனை அடுத்த தேனீயைக் கூப்பிடும். போகும்போதே கொடுக்கை எடுத்துவிடுங்கள். நகத்தால் வழிக்கலாம், விரலால் பிடுங்கலாம். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். கொடுக்கோடு ஒட்டியிருக்கும் நஞ்சுப்பை தானாகவே உள்ளே பாய்ச்சிக்கொண்டிருக்கும். சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். மீதிக் குழுவை வால்பக்க ஆள் அமைதியாக இறக்கட்டும்.

அரை மணி நேரமாவது அந்தக் குழந்தையைக் கண்பார்வையில் வைத்திருங்கள். உடம்பில் பரவும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்முவது, மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றல், இவற்றில் எது வந்தாலும் அவசர ஊர்தியை அழையுங்கள். அட்ரினலின் ஊசி இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் உடனே போட வேண்டும். அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. படுக்க வையுங்கள், மூச்சுக் கஷ்டம் இருந்தால் உட்கார வையுங்கள். நடத்தியோ படியிறக்கியோ கூட்டிப்போகாதீர்கள், உதவி மேலே வரட்டும். அவசர எண்ணும் கட்டட முகவரியும் மாடிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும்.

13. எல்லோரும் போன பிறகு

கீழே வந்ததுமே ஒவ்வொரு குழந்தையின் காலர், தொப்பி, பின்னல், ஷூ வாய் எல்லாவற்றையும் பெற்றோர் தட்டிப் பார்க்க வேண்டும். காரில் ஏறிய பிறகு தேனீ வெளிவருவதை யாரும் விரும்ப மாட்டார்கள். படிக்கட்டு அறையில் தங்கிவிட்ட தேனீ வெளிச்சத்தைத் தேடி ஜன்னலுக்குத்தான் போகும், ஜன்னலைத் திறந்தால் போய்விடும்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்த சட்டத்தை வளர்ப்பவர் உடனே அதன் இடத்தில் வைக்கட்டும். புகையூட்டியில் இருக்கும் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி முழுதாக அணையுங்கள். பேனல் கேபிள் ஓடும் மாடியில் நெருப்புக் கங்குகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கக் கூடாது. கயிறுகளை அவிழ்ப்பதற்கு முன் தலைகளை மறுபடி எண்ணி, மாடிக் கதவைப் பூட்டுங்கள். அடுத்த குழு அன்றே என்றால் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்; வாசலில் போக்குவரத்து பழையபடி ஆகிவிட்டது என்று வளர்ப்பவர் சொன்ன பிறகு அவர்களை ஏற்றுங்கள்.